நீரில் அமிழ்த்தி எடுக்கப்பட்ட ஓவியங்கள்: வங்காளத்தின் 'வாஷ்' முறையும் கலப்பு ஊடகச் சோதனைகளும்

வரைந்த ஓவியத்தின் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தினாலே பதறுவது ஓவியர்களின் இயல்பு. ஆனால், ஓவியத்தை முழுவதுமாகத் தண்ணீரில் அமிழ்த்தி, உலர்த்தி, மீண்டும் வண்ணம் தீட்டும் முறை ஒன்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவில் உருவானது. 'வாஷ்' எனப்படும் அந்த முறையை வளர்த்தெடுத்தவர் அவனீந்திரநாத் தாகூர்.

ஜப்பானிய ஓவியர்களான யோகோயாமா தைகானும் ஹிஷிதா ஷுன்சோவும் 1903-இல் கொல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தினருடன் பழகினர். தைகான் அகன்ற தூரிகையால் தாளை ஈரமாக்கி வரைவதைக் கவனித்த அவனீந்திரநாத், ஒரு படி மேலே சென்று தாளையே நீரில் தோய்த்தார்.

இதன் அடிப்படை எளிது. நீர்வண்ணம் என்பது நிறத்துகள்களும் அரபிக் கோந்தும் சேர்ந்த கலவை. உலர்ந்த பிறகும் அந்தக் கோந்து நீர் பட்டால் இளகும். எனவே, தாளை அமிழ்த்தும்போது மேலோட்டமாகப் படிந்த நிறம் அகன்றுவிட, இழைகளுக்குள் இறங்கிய நிறம் மட்டும் எஞ்சுகிறது. கோடுகள் மென்மையடைகின்றன. இதைப் பலமுறை செய்தால் மூடுபனி போன்ற ஒளி படரும். காவி உடையில் நான்கு கரங்களுடன் நிற்கும் பெண்ணாக 1905-இல் அவர் வரைந்த 'பாரத மாதா' இந்த முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அவருடைய மாணவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

ரவீந்திரநாத் தாகூரின் வழி வேறு. கையெழுத்துப் படிகளில் அடித்த வரிகளை உருவங்களாக மாற்றத் தொடங்கிய அவர், அறுபது வயதைக் கடந்த பின்னரே ஓவியத்தில் முழுமையாக இறங்கினார். எழுதும் மை, வண்ண மை, கிரேயான் என அருகில் கிடைத்தவற்றையெல்லாம் ஒரே தாளில் கலந்தார். 'கலப்பு ஊடகம்' என்று இன்று வகுப்பெடுக்கப்படுவதை அவர் யாரிடமும் கற்கவில்லை. அவரது முதல் கண்காட்சி 1930-இல் பாரிஸில் நடைபெற்றது.

அந்தத் துணிச்சலுக்கு ஒரு விலையும் உண்டு. எழுதும் மைகளில் பல, வெளிச்சத்தில் வெளிறும் சாயங்களால் ஆனவை. போன நிறத்தை எந்தப் பராமரிப்பாலும் மீட்க முடியாது. இதனால்தான் தாள் ஓவியங்களுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் என்ற மங்கலான ஒளியையே அருங்காட்சியகங்கள் அனுமதிக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அவற்றை இருட்டறைக்கும் அனுப்புகின்றன. இவ்விருவரின் படைப்புகளும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின் கீழ் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. சட்டத்தால் எல்லையில் நிறுத்த முடிவது ஓவியத்தைத்தான், வெளிச்சத்தை அல்ல.

இன்று நீர்வண்ணத்துடன் அக்ரிலிக், மெழுகுக் கிரேயான், ஒட்டுத்தாள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்போருக்கும் இது பொருந்தும். உலர்ந்த அக்ரிலிக் மீண்டும் கரையாது. அதன் வழவழப்பான படலத்தின் மேல் நீர்வண்ணம் ஒட்டாமல் திரளும். எனவே, முதலில் நீர்வண்ணம், பிறகு அக்ரிலிக் என்ற வரிசையே பாதுகாப்பானது. மெழுகு மட்டும் விதிவிலக்கு: நீரை விலக்கும் அதன் இயல்பு வேண்டுமென்றால் அதையே முதலில் தீட்ட வேண்டும். செய்தித்தாள் துண்டுகளை ஒட்டினால் அவை சில ஆண்டுகளில் பழுப்பேறும். ஒரு மை நிலைக்குமா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். தாளில் ஒரு பட்டை தீட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் சில வாரங்கள் வைத்துவிட்டு, இரு பாதிகளையும் ஒப்பிட்டால் போதும்.