அப்பாயி பிடித்த கை விளக்கு

திருச்சி ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2014-ல் திறந்தது. குழந்தைகளுக்கான இடம் என்று நினைத்துத்தான் பலரும் போகிறார்கள். வீட்டில் பெரியவர்கள், அதிலும் ரயில்வேயில் இருந்த குடும்பத்துப் பெரியவர்கள் இருந்தால், அவர்களையும் கட்டாயம் கூட்டிப் போங்கள் சகோதரிகளே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அப்பாயிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தாத்தா, தஞ்சாவூர் - மாயவரம் மீட்டர் கேஜ் பாதையில் கேட் கீப்பராக இருந்தவர். "காலமெல்லாம் ரயிலைத்தான் பாத்தாச்சே, இன்னும் என்னத்தப் பாக்கறது?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினார்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும், திருச்சிக்கு 1862-லும் ரயில் வந்தது, 1874-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உண்டானது, 1951-ல் அது தெற்கு ரயில்வேயோடு சேர்ந்தது என்று நான் மகனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் காதிலேயே வாங்கவில்லை. டோக்கன் கருவியைப் பார்த்ததும் அப்பாயி பேச ஆரம்பித்தார் பாருங்கள், பையன் அவர் முந்தானையை விடவில்லை!

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாதல்லவா? அதற்காகப் பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்கள் இரண்டிலும் கருவி இருக்கும். ஒன்றிலிருந்து ஓர் இரும்புப் பந்தை எடுத்துவிட்டால், அது அடுத்த ஸ்டேஷன் கருவிக்குள் போய்ச் சேரும் வரை வேறு பந்து வெளியே வராது. பந்து இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அந்தப் பந்தைப் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி நீட்டுவார்களாம். ஓடுகிற இஞ்சினிலிருந்து கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார்களாம். "கை தவறினா வண்டியை நிறுத்தி, ஓடி வந்து பொறுக்கணும்" என்று அப்பாயி சிரித்தார்.

கை விளக்குக்கு முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மண்ணெண்ணெய் விளக்குதான். திரி ஒன்று. மேல் பக்கத்தைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கண்ணாடி சுற்றி வெள்ளை, சிவப்பு, பச்சை என்று வெளிச்சம் மாறும். சாயங்காலமானால் கண்ணாடியில் படிந்த கரியைச் சாம்பல் தொட்டுத் துடைத்து, திரியைக் கத்தரித்து வைப்பது அப்பாயி வேலை. (சம்பளம் வாங்காத வேலை. கேட் வீட்டுப் பெண்கள் பார்த்த வேலையை யார் கணக்கில் எழுதினார்கள்?)

1968 ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி தாத்தாவுக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டதாம். எழுந்து உட்காரவே முடியவில்லை. மெயில் வருகிற நேரம். ரோட்டில் நெல் மூட்டை வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆள் அனுப்பவும் வழியில்லை. இருபத்து நாலு வயது அப்பாயி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போய், இரண்டு பக்கத்து கேட்டையும் இழுத்துச் சாத்திப் பூட்டி, விளக்கும் கையுமாக நின்றிருக்கிறார். வண்டிக்காரர்கள் "யாரும்மா நீ, கேட்டைத் திற" என்று சத்தம் போட, "மெயில் போகட்டும்" என்பதைத் தவிர வேறு பேச்சே பேசவில்லையாம்.

இது வெளியே தெரிந்தால் தாத்தாவின் வேலைக்கே ஆபத்து. அந்தப் பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தாத்தா ஓய்வு பெற்று, காலமாகி இத்தனை வருஷமான பிறகும் வாய் திறக்காதவர், அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று என் மகனிடம் மெதுவாகச் சொன்னார்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் இது புதுசு. போனை அப்பாயியிடம் கொடுக்கச் சொன்னார்.

"நான் அப்ப எங்கேம்மா இருந்தேன்?"

"தூளியில கெடந்து அழுதே. மெயிலோட பின்னாடி சிவப்பு விளக்கு மறையிற வரைக்கும் ஒன்னையத் திரும்பிப் பாக்கலடா."

- ஒரு வாசகி, தஞ்சாவூர்