கலப்புமுறைப் பாட வடிவமைப்பு: வெண்பா யாப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்
வகுப்பறையும் இணையமும் இணைந்த கலப்புமுறைப் பாடத்தை வடிவமைக்கும் ஆசிரியர், விரிவுரையைப் பதிவுசெய்வதிலிருந்து அன்றி, மாணவர் அடையவேண்டிய திறனிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை வெண்பாப் பாடத்தின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலப்புமுறைக் கற்பித்தல், பாட வடிவமைப்பு, யாப்பிலக்கணம், வெண்பா, மதிப்பீடு.

முன்னுரை
2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது கல்லூரி வகுப்புகள் திடீரென இணையத்திற்கு மாறின. அது நெருக்கடிக்கால ஏற்பாடு. திட்டமிட்ட இணையவழிக் கல்வி அன்று. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறை, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ தளத்தின்வழிப் பயில இடமளித்தது. இணையம் கல்லூரிக் கல்வியின் நிலையான பகுதியாகிவரும் இச்சூழலில், எதை எங்குக் கற்பிப்பது என்னும் வினாவைத் தமிழாசிரியரும் எதிர்கொள்கிறார்.

இலக்கை வரையறுத்தல்
கிராண்ட் விகின்ஸ், ஜே மெக்டை ஆகியோர் 1998இல் வெளியிட்ட நூலில் ‘பின்னோக்கிய வடிவமைப்பு’ முறையை முன்வைத்தனர். மாணவர் அடையவேண்டிய திறன், அதனை அடைந்ததற்கான சான்று, அதற்குரிய கற்றல் செயல்கள் என்பது அதன் வரிசை. இம்முறையில் நோக்கினால், ‘வெண்பா இலக்கணத்தை அறிதல்’ என்பது தெளிவான இலக்காகாது. அறிந்தமைக்குச் சான்று யாது என்பதை அது கூறவில்லை. ‘தளை பிழைத்த இடத்தைக் காரணத்துடன் சுட்டுதல்’, ‘பிழையற்ற குறள் வெண்பா ஒன்றை இயற்றுதல்’ ஆகியன மதிப்பிடத்தக்க இலக்குகள்.

பாடத்தைப் பகுத்தல்
நேரசை, நிரையசை வரையறைகளும் சீர் வாய்பாடுகளும் மீண்டும் மீண்டும் பார்த்துப் பழகவேண்டியவை. ஒவ்வொருவரும் தம் வேகத்தில் பயில்வதற்கு ஏற்ற இப்பகுதி இணையத்திற்கு உரியது. வெண்பா இயற்றுதல் அத்தகையதன்று. ஒரு சீரை மாற்றினால் அதன் முன்னும் பின்னும் உள்ள தளைகள் இரண்டும் மாறக்கூடும். ஒரு பிழையைத் திருத்த முயன்று மற்றொரு பிழையில் மாணவர் சிக்கும் அத்தருணத்தில் ஆசிரியர் அருகிருத்தல் வேண்டும். செப்பலோசையைச் செவியால் உணர்வதற்கும் உரக்கப் படித்தல் இன்றியமையாதது. ஆகவே இவை வகுப்பறைக்கு உரியன.

மதிப்பீடும் பின்னூட்டமும்
‘தாமரை’ என்னும் சொல்லைத் ‘தாம / ரை’ எனப் பிரித்த மாணவருக்குத் ‘தவறு’ என்று மட்டும் இணையத் தேர்வு காட்டினால், அடுத்த முறை அவர் ஊகித்தே விடையளிப்பார். ‘நெடிலில் தொடங்கும் நிரையசை இல்லை, தா / மரை எனப் பிரிக்க, நேர் நிரை கூவிளம் ஆகும்’ எனக் காரணம் காட்டினால் தேர்வே பாடமாகிறது. எவ்வினாவில் பலர் பிழை செய்தனர் என்பதை ஆசிரியர் வகுப்பிற்கு முன்பே பார்த்து, அங்கிருந்து வகுப்பைத் தொடங்க வேண்டும். இந்த இணைப்பு இல்லையெனில், தொடர்பற்ற இரு பாடங்களே நிகழும்.

‘அவலோகிதம்’ போன்ற யாப்பு மென்பொருள் பாடலை உடனே அலகிட்டுக் காட்டுகிறது. எனவே வீட்டில் செய்யும் அலகிடலுக்கு மதிப்பெண் வழங்குவது மாணவரின் திறனை அளக்காது. மென்பொருளின் விடைக்குக் காரணம் கூறவும், பிழைத்த தளையைத் திருத்தவும் வகுப்பில் பணித்து, அதற்கே மதிப்பெண் வழங்குதல் தகும்.

அணுகலும் சுமையும்
குடும்பத்திற்கு ஒரே கைப்பேசி உள்ள மாணவர் குறித்த மணியில் இணையத்திற்கு வர இயலாமற் போகலாம். நீண்ட காணொலிக்கு மாற்றாகச் சிறிய ஒலிப்பதிவும், பதிவிறக்கிப் படிக்கத்தக்க பாடக்குறிப்பும், பயிற்சியை முடிக்க ஒரு வார காலமும் அளித்தால் அவரும் விடுபடார். வகுப்பு நேரத்தைக் குறைக்காமல் காணொலிகளை மட்டும் கூட்டுவது கலப்புமுறை ஆகாது. அது மாணவரின் சுமையை இரட்டிப்பதாகும்.

முடிவுரை
தனித்துப் பழகத்தக்கவற்றை இணையத்திற்கும், உடனிருந்து திருத்தவேண்டியவற்றை வகுப்பறைக்கும் உரியதாக்குவதே கலப்புமுறையின் அடிப்படை. இப்பகுப்பு பாடந்தோறும் வேறுபடும். வெண்பாவிற்குப் பொருந்துவது உரைநடை வரலாற்றிற்குப் பொருந்த வேண்டியதில்லை. எனவே பாடத்தின் இயல்பை நன்கறிந்த ஆசிரியரே அதனை வடிவமைக்கவும் வேண்டும். தொழில்நுட்பத் தேர்வு அதன் பின்னரே அமைதல் வேண்டும்.