லைசன்ஸ் வாங்கியாச்சு, ஆனா கணினி ஒத்துக்கலை

2020 டிசம்பர். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு இறுதியாண்டு மாணவர்களுக்காகக் கல்லூரிகள் திறந்த சமயம். அச்சரப்பாக்கம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போன் பண்ணினார்.

"தம்பி, எல்லா சிஸ்டத்துலயும் மூலையில 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு வருது. காசு கொடுத்து வாங்கின லைசன்ஸ் எங்க போச்சுன்னு மேல கேக்குறாங்க. நான் டூப்ளிகேட் போட்டுட்டேன்னு நினைக்கிறாங்க போல. கடைப்பையன் ஒருத்தன் பென் டிரைவோட வந்து பத்து நிமிஷத்துல சரி பண்றேங்கிறான்."

"அவனைத் திருப்பி அனுப்புங்கண்ணா, நான் வரேன்" என்றேன்.

வீட்டுக் கணினிக்கும் நிறுவனக் கணினிக்கும் லைசன்ஸ் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. மொத்தமாக லைசன்ஸ் வாங்கும் இடங்களில் கே.எம்.எஸ். என்ற முறை பரவலாக இருக்கிறது. வளாகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும். மற்ற கணினிகள் அதனிடம் அனுமதி வாங்கிக்கொள்ளும். அந்த அனுமதி 180 நாள்தான் செல்லும். ஏழு நாளுக்கு ஒருமுறை கணினி தானாகவே கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். ஓய்வூதியம் வாங்குபவர்கள் வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுப்பார்களே, அதே கதை. மார்ச்சில் பூட்டிய லேப் எட்டு மாதத்துக்கு மேல் பூட்டியே கிடந்தது. சான்று காலாவதி ஆகிவிட்டது, அவ்வளவுதான். யாரும் டூப்ளிகேட் போடவில்லை.

சரி, திறந்ததும் தானாகப் புதுப்பித்திருக்க வேண்டுமே? அங்கேதான் சிக்கல். ஒன்றல்ல, நாலு.

முதலாவது, கடிகாரம். சில கணினிகளில் வருஷம் 2014 என்று காட்டியது. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் செல் தீர்ந்துபோனால், மின்சாரம் நின்றதும் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். சர்வர் நேரத்துக்கும் கணினி நேரத்துக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கே.எம்.எஸ். அனுமதி தராது. இதே கணினிகளில் பிரவுசரும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று அடம்பிடித்தது. காரணம் அதே தேதிதான். புது செல் போட்டு நேரத்தைத் திருத்தினோம்.

இரண்டாவது, சர்வர் எங்கே என்று தெரியாமல் போனது. கணினிகள் டி.என்.எஸ். மூலம்தான் கே.எம்.எஸ். சர்வரைத் தேடும். ஆன்லைன் வகுப்புக்காகப் புதிதாக வைத்த ரூட்டர், தன் டி.என்.எஸ்ஸையே எல்லா கணினிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு வளாக சர்வரைத் தெரியாது. டி.என்.எஸ்ஸை மாற்றி, சர்வரில் 1688-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவதை யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். விண்டோஸ் கணினிகளுக்கு அனுமதி தர, குறைந்தது 25 வெவ்வேறு கணினிகள் கேட்டிருக்க வேண்டும். 30 நாள் கேட்காத கணினியை சர்வர் கணக்கிலிருந்து எடுத்துவிடும். ஊரடங்கில் எல்லாமே கணக்கிலிருந்து போய்விட்டன. லேபில் இருப்பது 32. சமூக இடைவெளிக்காக ஒன்றுவிட்டு ஒன்றாக 16-ஐத்தான் போட்டிருந்தார்கள். எஃப்038 என்று முடியும் பிழை வந்தது. "எண்ணிக்கை போதவில்லை" என்று அர்த்தம்.

32-ஐயும் போட்டோம். கணக்கு 23-இல் நின்றது!

நாலாவது இதுதான். திறப்புக்கு முன் பத்து கணினிக்கு டிஸ்க் மாற்றியிருந்தார் அண்ணன். ஒன்றில் நிறுவி, அதன் நகலை மற்ற ஒன்பதிலும் ஏற்றியிருந்தார். பத்துக்கும் ஒரே அடையாள எண். சர்வர் கண்ணுக்கு அவை ஒரே கணினி. நகல் எடுக்கும் முன் 'சிஸ்பிரெப்' ஓட்டியிருந்தால் இந்த வம்பே இல்லை. இப்போது அந்த ஒன்பதிலும் 'ரீஆர்ம்' கட்டளை கொடுத்து மறுதொடக்கம் செய்தோம். புது எண் வந்தது. கணக்கு 25-ஐத் தாண்டியதும் ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தோம். எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்தது.

அண்ணன் சிரித்தார். "எங்க ஊர்க் கதைதான் தம்பி. முப்புரம் எரிக்கப் போன சாமி பிள்ளையாரைக் கும்பிடாம கிளம்பிட்டாரு. இங்க வந்ததும் தேரோட அச்சு முறிஞ்சிடுச்சு. அதான் இந்த ஊருக்கு அச்சிறுபாக்கம்னே பேரு. தேர் என்னமோ நல்ல தேர்தான்."

அந்தப் பென் டிரைவைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது பெரும்பாலும் ஒரு போலி கே.எம்.எஸ். சர்வர். அதை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். உள்ளே வேறென்ன சேர்ந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அதோடு, மென்பொருளின் திருட்டு நகலைத் தெரிந்தே பயன்படுத்தினால், 1957 காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். எல்லாவற்றையும் விட, காசு கொடுத்து நேர்மையாக வாங்கிய லேபில் அதைப் போட்டிருந்தால், அண்ணன்மேல் விழுந்த பொய்ச் சந்தேகம் அன்றே உண்மையாகியிருக்கும்.

உங்கள் லேபில் இப்படி வந்தால் வரிசையாகப் பாருங்கள்: எந்த வகை லைசன்ஸ், தேதி சரியா, சர்வர் தெரிகிறதா, எண்ணிக்கை போதுமா, நகல் எடுத்த கணினிகள் உண்டா. கணினியில் கிடைக்கும் பிழை எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆள்மேல் பழி போடுவது அப்புறம்.

அண்ணன் அன்றைக்கே ஒவ்வொரு கணினியின் லைசன்ஸ் நிலையையும் பிரிண்ட் எடுத்து, வாங்கிய ரசீது நகலோடு சேர்த்து மேலே கொடுத்தார். இப்போது நீண்ட விடுமுறை வந்தால், மாசத்துக்கு ரெண்டு நாள் லேபைத் திறந்து 32-ஐயும் போட்டுவிடுகிறார்.