சமன்பாடுகளை அச்சேற்றும் ஆணைகள்

முந்நூறு பக்க ஆய்வேடொன்றின் நடுவே புதியதொரு சமன்பாட்டைச் சேர்க்க நேர்ந்தால், அதற்குப் பின்னுள்ள சமன்பாடுகளின் இலக்கங்கள் யாவும் மாறிவிடுகின்றன. அவற்றைச் சுட்டும் வசனங்களையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று தவறினாலும் வாசகர் வேறொரு சமன்பாட்டின் முன் போய் நிற்பார். கணிதம், பௌதிகவியல் ஆகிய துறைகளில் எழுதுவோர் பலர் 'லாடெக்' மென்பொருளை நாடுவதற்கு இத்தகைய தொல்லைகளும் ஒரு காரணமாகும்.

இதன் அடித்தளமான 'டெக்' மென்பொருளை ஆக்கியவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத். 1977 இல் தமது நூலொன்றின் மறுபதிப்புக்கான அச்சுப்படிகள் கைக்கு வந்தபோது அவர் மனம் நொந்தார். முன்னைய ஈய அச்சின் நேர்த்தி புதிய புகைப்பட அச்சுக்கோர்ப்பில் இல்லை. விரைவில் முடியுமென எண்ணி அவர் தொடங்கிய மாற்றுப் பணி பத்தாண்டுகளை விழுங்கியது. 1980களில் லெஸ்லி லம்போர்ட் அதன்மீது அமைத்த இலகுவான ஆணைத்தொகுதியே லாடெக்.

இங்கு எழுதுபவர் தோற்றத்தை அமைப்பதில்லை. இது தலைப்பு, இது பின்னம் என ஆணைகளால் அறிவிக்கிறார். சமன்பாட்டுக்கு இலக்கத்துக்குப் பதிலாக ஒரு பெயரை இட்டு, அப்பெயராலேயே அதைச் சுட்டுகிறார். கணினி முதற்தடவை இயங்கும்போது இலக்கங்களைக் குறித்துவைத்து, மறுதடவை உரிய இடங்களில் நிரப்புகிறது. வரியை எங்கே முறிப்பது என்பதையும் முழுப் பந்தியையும் கணித்த பின்னரே தீர்மானிக்கிறது.

மூலப்பிரதி வெறும் எழுத்துக்கோப்பாதலால் எந்தக் கணினியிலும் திறக்கலாம். மென்பொருளும் இலவசம். குனூத் டெக்கில் புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார். பிழை திருத்தும்போது மட்டும் பதிப்பெண் பை எனும் கணித மாறிலியை ஓர் இலக்கம் நெருங்குகிறது. 2021 இல் அது 3.141592653 ஆனது.

சிரமங்களும் உள்ளன. அடைப்புக்குறியொன்றை மூட மறந்தால், பல வரிகள் தள்ளியே பிழை அறிவிக்கப்படலாம். வேர்ட் கோப்பில் திருத்திப் பழகிய மேற்பார்வையாளரை இணங்கச் செய்வது அதனினும் கடினம்! சூத்திரங்களற்ற நான்கு பக்கக் கட்டுரைக்கு இது வேண்டியதுமில்லை.

தமிழில் எழுதுவோருக்கு 2004 இல் ஜொனதன் கியூ வெளியிட்ட 'சீடெக்' வழிதிறந்தது. யுனிகோட்டை ஏற்பதால், தமிழையும் வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபு மொழியையும் ஒரே பக்கத்தில் சமன்பாடுகளுடன் அமைக்கலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய பிரதிகளை மட்டும் முதலில் யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.