ஆபிரகாம் கைக்கொண்டது எந்தச் சட்டம்?

டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை இது. நிதானமாகவே பார்ப்போம். ஆதியாகமம் 26-ஆம் அதிகாரம். நாட்டில் பஞ்சம், ஈசாக்கு கேராருக்கு வந்திருக்கிறார். எகிப்துக்குப் போகாதே, இங்கேயே இரு என்று கடவுள் அவரைத் தடுத்து, சந்ததியும் நிலமும் தருவதாக வாக்களிக்கிறார். அதற்குக் காரணம் உன் தகப்பன் ஆபிரகாம் எனக்குக் கீழ்ப்படிந்ததுதான் என்று சொல்கிறது 5-ஆம் வசனம்.

‘கீழ்ப்படிந்தார்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது ‘ஷமா’. கேட்டல் என்பதே அதன் பொருள். ஒருவர் குரலைக் கேட்டான் என்றால், அவர் சொன்னபடி நடந்தான் என்று அர்த்தம். நமக்கு இது புதிதல்ல. பையன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று ஓர் அம்மா குறைப்பட்டால், அவனுக்குக் காது மந்தம் என்றா நினைக்கிறோம்?

அடுத்த வினைச்சொல் ‘ஷமர்’. எபிரேய எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. ஷமர் என்றால் காவல் காப்பது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமை வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும். அங்கே வருவது இதே சொல். தம்பியைக் கொன்றுவிட்டு, நான் என்ன அவனுக்குக் காவலாளியா என்று காயீன் திருப்பிக் கேட்கிறானே, அங்கேயும் இதே சொல்தான். ஆபிரகாம் காத்ததாக அந்த வசனம் சொல்லும் நான்கில் முதலாவதாக வரும் ‘மிஷ்மெரெத்’தும் இந்த வேரில் பிறந்ததே: ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த காவல் பணி. ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் செய்த பணிக்கும் அதுதான் பெயர். தண்டனைக்குப் பயந்து விதியை மீறாதிருப்பதைவிட இது பெரியது என்றே எனக்குப் படுகிறது. காவலுக்கு நிற்பவனுக்குத் தன் கையில் இருப்பது விலைமதிப்புள்ளது என்று தெரிந்திருக்கிறது.

மற்ற மூன்றும்: ‘மிட்ஸ்வா’ என்றால் கட்டளை, தமிழ் வேதாகமம் ‘கற்பனை’ என்று சொல்வது இதைத்தான். ‘ஹுக்கா’ நியமம்; செதுக்குதல் என்ற வேரிலிருந்து வந்தது. ‘தோரா’ போதனை, வழிகாட்டல்.

இனிதான் சிக்கல். சீனாய் மலையில் மோசேக்குத் தோரா என்னும் சட்டம் கிடைத்தது ஆபிரகாமின் காலத்துக்கு எத்தனையோ தலைமுறை கழித்து. இல்லாத சட்டத்தை அவர் எப்படிக் காத்தார்? யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் கித்துஷின் பகுதி, தோரா முழுவதையும் அது கொடுக்கப்படுமுன்பே அவர் கைக்கொண்டார் என்கிறது. வட பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105) சொல்லுக்குச் சொல் பொருள் பிரித்தார். எழுதப்படாமல் போயிருந்தாலும் அறிவே உணர்த்தியிருக்கும் கொலை, கொள்ளை போன்ற விலக்குகள் மிட்ஸ்வா. பன்றியிறைச்சி விலக்குப்போலக் காரணம் புலப்படாதவை ஹுக்கா. தோரா என்பது பன்மையில் வருவதால் எழுதப்பட்டதும் வாய்மொழியானதும் என இரண்டையும் அது குறிக்கிறது என்றார்.

ராஷியின் பேரன் ரஷ்பாம் இதை ஏற்கவில்லை. நேர்ப்பொருளில் பார்த்தால், சீனாய்க்கு முன்பே மனிதர்கள் அறிந்து கடைப்பிடித்த நெறிகளைத்தான் வசனம் சொல்கிறது என்றார்: திருடாமை, முறைகேடான உறவைத் தவிர்த்தல், பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை, நியாயம் வழங்குதல், விருந்தோம்பல். நான் ரஷ்பாம் பக்கம். ஆபிரகாமின் கதையில் நாம் கண்ணால் காண்பதும் அதுதான்: 18-ஆம் அதிகாரத்தில், வெயில் நேரத்தில் வந்த மூன்று அந்நியரை எதிர்கொள்ள அந்தக் கிழவர் கூடார வாசலிலிருந்து ஓடுகிறார்.