ஈரப்பதமானிக்கு ஒரு மூடி உப்பு

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ஈரப்பதமானிகளை மேசைமேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று 62, அடுத்தது 67, மூன்றாவது 71 என்று காட்டினாலும் வியப்பில்லை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து மனத்தைத் தேற்றிக்கொள்பவர்கள் உண்டு. மூன்றும் ஒரே பக்கமாகப் பிசகியிருந்தால் சராசரியும் அந்தப் பக்கமே பிசகும். தீர்ப்புச் சொல்ல வெளியிலிருந்து ஒன்று வேண்டும். அது சமையலறையிலேயே இருக்கிறது: சாப்பாட்டு உப்பு.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கருவியைப் பலரும் வாங்குகிறார்கள். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயப்படுபவர், வீணையை ஏ.சி. அறையில் வைத்திருப்பவர், சிறிய இன்குபேட்டரில் குஞ்சு பொரிப்பவர், வீட்டின் பின்கட்டில் காளான் வளர்ப்பவர். உள்ளே இருக்கும் உணரி எளிமையானது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மெல்லிய பாலிமர் படலம். அது சுற்றியுள்ள நீராவியில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்னூட்டத்தைத் தேக்க உதவுவதில் பாலிமரைவிடத் தண்ணீர் பல மடங்கு வலியது. ஆகவே உறிஞ்சிய ஈரம் கூடக்கூட மின்தேக்குத்திறன் கூடும். அந்தக் கூடுதலைச் சில்லு சதவீதமாக மாற்றித் திரையில் போடுகிறது.

மலிவான கருவிகளுக்கு ±5 என்பது தயாரிப்பாளர்களே வழக்கமாகச் சொல்லும் பிழை எல்லை. திரையில் 70 என்றால் உண்மை 65-ஆகவும் இருக்கலாம், 75-ஆகவும் இருக்கலாம். அதுவும் கருவி புதிதாக இருக்கும்போது. பெயின்ட், வார்னிஷ், தின்னர் ஆவி பட்டால் படலம் கெடும். நாள்கணக்கில் 80-க்கு மேற்பட்ட ஈரத்தில் கிடந்தால் சில சதவீதம் கூட்டிக் காட்டத் தொடங்கும்; உலர்ந்த காற்றுக்கு வந்த பிறகு மெல்லத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். ஐப்பசி மழையில் நனைந்த சென்னை வீடு இந்தப் படலத்துக்குச் சௌகரியமான இடமல்ல. இதற்கு நடுவிலும் 68.4 என்று புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் போட்டுக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அந்த இலக்கம் உதவும். துல்லியத்துக்கு அது சாட்சியல்ல.

உப்புக்கு வருவோம். ஈர உப்பை ஒரு டப்பாவில் வைத்து இறுக மூடினால், உள்ளே இருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய உச்ச நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) 75 சதவீதத்தில் வந்து நிற்கும். காரணம் அழகானது. சுத்தமான தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் தாராளமாக ஆவியாகிப் போகும். மூடிய டப்பாவில் அப்படிப் போய்ப் போய்க் காற்று 100 சதவீதத்தை எட்டும். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் சோடியம், குளோரைடு அயனிகள் நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியேறுபவை குறையும். இனி கரையாது என்ற நிலைக்கு வந்த தெவிட்டிய கரைசலில் இந்தக் குறைவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு.

அதைவிட நயமானது, இந்தக் கலவை தன்னைத் தானே சரிசெய்துகொள்வது. டப்பாவின் காற்று வறண்டிருந்தால் கரைசலிலிருந்து நீர் ஆவியாகும். அதனால் கரைசல் அடர்ந்துவிடாது. மிஞ்சிய உப்பு படிகமாக ஒதுங்கிவிடும். காற்றில் ஈரம் அதிகமென்றால் கரைசல் அதை உறிஞ்சும். நீர்த்துப் போய்விடுமா? போகாது, கரையாமல் கிடக்கும் உப்பில் இன்னும் கொஞ்சம் கரையும். கரையாத உப்பும் கரைசலும் இரண்டுமே டப்பாவில் இருக்கும்வரை 75 நகராது. 1977-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பின் லூயிஸ் கிரீன்ஸ்பான் வெளியிட்ட அட்டவணையில் சோடியம் குளோரைடுக்கு 20 டிகிரி செல்சியஸில் 75.5, 25-இல் 75.3, 30-இல் 75.1 என்று இருக்கிறது. ஊட்டிக்கும் மதுரைக்கும் ஒரே எண் என்றே வைத்துக்கொள்ளலாம்.

செய்முறையில் பெரிய வித்தை இல்லை. ஒரு பாட்டில் மூடியில் முக்கால்வாசி உப்பு. அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேலே தண்ணீர் தேங்கி நின்றால் அதிகம். மூடியையும் கருவியையும் உள்ளே வைக்க, சிறிய, காற்றுப் புகாத, ஒளி ஊடுருவும் டப்பா போதும். உப்பு கருவிமேல் படக்கூடாது. ஓர் இரவும் பகலும் அசைக்காமல், வெயிலும் மின்விசிறியும் ஏ.சி. காற்றும் நேரே படாத இடத்தில் விட்டுவிட வேண்டும். டப்பாவைத் திறக்காமலே எண்ணைப் பார்க்க வேண்டும். திறந்த நிமிடமே வெளிக்காற்று நுழைந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு உப்புச் சோதனையே பொய் என்பவர்களுக்குப் பொறுமைதான் குறை. கருவியின் பிளாஸ்டிக் உறைகூட ஈரத்தை வாங்கிச் சமநிலைக்கு வர நேரம் எடுக்கும்.

எந்த உப்பு என்பதும் முக்கியம். பாக்கெட்டில் வரும் தூள் உப்பு நல்லது. அதில் சேர்க்கும் அயோடின் கலவையின் அளவு மிகச் சொற்பம். கழுவாத கல் உப்பு வேண்டாம். தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சோடியம் குளோரைடு படிந்துவிடும். மக்னீசிய உப்புகள் எஞ்சிய நீரில் தங்கும். அந்த நீரை முழுதும் வடிக்காவிட்டால் அதில் கொஞ்சம் உப்போடு ஒட்டிக்கொண்டு வரும். சுத்தமான சோடியம் குளோரைடு 75-க்கு மேல்தான் ஈரம் உறிஞ்சிக் கரையத் தொடங்கும்; மக்னீசியம் குளோரைடோ 33-லேயே தொடங்கிவிடும். பாட்டி வீட்டு உப்பு ஜாடி மழை இல்லாத நாளிலும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததன் ரகசியம் இதுதான்.

அந்த மக்னீசியம் குளோரைடே இரண்டாவது சோதனைக்கும் உதவும். 75-இல் கருவி 79 காட்டினால் 4 கழித்துக்கொள்ளலாம் என்பது பாதி உண்மை. 40-இல் அதே பிழை இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. லென்ஸ் பெட்டியை 40, 45-இல் வைத்திருக்க நினைப்பவர் சுத்தமான மக்னீசியம் குளோரைடு வாங்கி, அதே முறையில் 33-இலும் பார்ப்பது நல்லது. இரண்டு இடத்திலும் பிழை ஒன்றென்றால் நிம்மதியாகக் கழிக்கலாம்.

மூடிய ஜாடியில் உப்பை வைத்து அளவு குறிக்கும் வழக்கம் பழையது. ஜெனீவாவின் ஒராஸ் பெனடிக்ட் டி சொசூர் 1783-இல் தன் முடி ஈரப்பதமானியைப் பற்றி நூல் எழுதினார். எண்ணெய்ப் பசை நீக்கிய மனிதத் தலைமுடி வறட்சியிலிருந்து முழு ஈரத்துக்குப் போகும்போது சுமார் இரண்டரை சதவீதம் நீளும். அந்த நீட்சி முள்ளை நகர்த்தும். ஈரம் நிறைந்த கண்ணாடிக் கூண்டில் 100, காய்ச்சி உலர்த்திய கார உப்பு வைத்த கூண்டில் 0 என்று அவர் அளவு வைத்தார். கருவியை ஈரத்துணியில் சுற்றிவைத்துச் சோதிக்கும் குறிப்பு இந்த முடிக் கருவிகளுக்கு உரியது. மின்னணுக் கருவியை அப்படிச் சுற்றாதீர்கள்.

உப்புச் சோதனையில் தேறிய கருவியும் வைக்கும் இடத்தால் தவறாகக் காட்டும். ஒப்பு ஈரப்பதம் வெப்பநிலையோடு கட்டுண்ட எண். 30 டிகிரியில் 75 சதவீதமாக இருக்கும் அறைக் காற்று, இரண்டு டிகிரி சூடான கருவியைச் சுற்றி 67 ஆகிவிடும். ரௌட்டருக்கு மேலேயோ மேற்குச் சுவரிலோ மாட்டினால் இந்தச் சூடு சாதாரணம். இரண்டு டிகிரி குளிர்ந்த மூலையில் அதே காற்று 84. செல்போனில் வரும் நுங்கம்பாக்கம் வானிலை நிலைய எண்ணோடு வீட்டு எண் பொருந்தவில்லை என்று கருவியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் இதையும் கணக்கில் எடுங்கள்: வெளியே 34 டிகிரியில் 60 சதவீதமாக இருக்கும் காற்று, ஒரு துளி நீராவிகூடக் கூடாமல் குறையாமல் 30 டிகிரி அறைக்குள் வந்தால் 75 ஆகும். இரண்டு எண்ணும் சரியே.