கிளிக்கு முளைக்கும், நமக்கு முளைக்காது

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையோடு வடக்கே நடந்தால் பாலஸ்தியர் சந்திப்பு. 1909-இல் மூல்மீன் சாலைக்கு மாறும்வரை டான் டோக் செங் மருத்துவமனை இந்தப் பக்கம்தான் இருந்தது. பின்னாளில் காசநோய் என்றாலே சிங்கப்பூருக்கு நினைவு வந்த ஆஸ்பத்திரி அது. அந்நோய்க்கு அன்று பெரிய ஆயுதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அது உயிரைக் காத்தது. ஆனால் சிலருக்குத் தலைசுற்றலைத் தந்தது, சிலருக்குக் காதையே கெடுத்தது.

உட்காதில் நத்தை ஓடு போன்ற சுருளுக்குள் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலி பட்டால் அவற்றின் நுனிமயிர் சாயும், நுண்துளைகள் திறக்கும், செய்தி மூளைக்குப் போகும். ஸ்ட்ரெப்டோமைசின், கனமைசின், அமிகாசின், ஜென்டமைசின் எல்லாம் ஒரே குடும்பம். அவை அதே துளை வழியாகவே உள்ளே நுழைந்துவிடுகின்றன. கிருமியின் புரத ஆலையை முடக்குவதுதான் அவற்றின் வேலை. மயிரணுவின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள ஆலையும் கிட்டத்தட்ட அதே அச்சு, அதுவும் அடிபடுகிறது. செத்த மயிரணு நமக்குத் திரும்ப முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும். ஒருகாலத்தில் இந்தச் சாலை நடைபாதையில் சீட்டெடுத்த ஜோசியக் கிளிக்கு வாய்த்த வரம் அது!

சேதம் சுருளின் அடிப்பகுதியில், கீச்சொலிகளுக்கான இடத்தில் தொடங்குகிறது. பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் நோயாளிக்குச் சந்தேகம் வராது. “காது கேட்கிறதா?” என்று விசாரிப்பதைச் சோதனை என்று சொல்லவே கூடாது. ஊசி தொடங்குமுன் ஒருமுறை, பிறகு இடையிடையே, 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் சோதித்தால்தான் தெரியும். தெரிந்தால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். காதில் இரைச்சலோ நடையில் தள்ளாட்டமோ வந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும். அம்மா வழி உறவில் இப்படி ஊசிக்குப்பின் காது போனவர் உண்டென்றால் முன்கூட்டியே சொல்வது அவசியம்: தாய்வழி மட்டுமே வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால் குறைந்த அளவிலும் ஆபத்து.

எல்லாவற்றிலும் நல்ல தடுப்பு, ஊசியே வேண்டாம் என்று ஆக்குவது. அதில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. இங்குள்ள காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் நடத்திய சோதனை 1985-இல் வெளியானது. மூன்று மாத்திரைகள் சரியாகச் சேர்ந்தால் ஸ்ட்ரெப்டோமைசினைச் சேர்ப்பதால் பெரிய லாபமில்லை என்று அது காட்டியது.

மருந்துக்கு மசியாத காசநோய்க்கு மட்டும் ஊசி நெடுநாள் நீடித்தது. மும்பையின் நந்திதா வெங்கடேசன் 2013-இல் காசநோய்ச் சிகிச்சையின்போது கேட்கும் திறனை இழந்தார். பிறகும் பரதம் ஆடினார். ஊசிக்கு மாற்றான பெடாகுவிலின் மாத்திரையின் காப்புரிமையை இந்தியாவில் நீட்டிக்கக் கூடாதென்று தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயுடன் சேர்ந்து மனுப்போட்டார். 2023 மார்ச்சில் நீட்டிப்பு மறுக்கப்பட்டது.